மாறாத தேவனை இரு ஏற்பாடுகளிலும் வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஏற்பாட்டின் தேவன் கோபக்காரர், புதிய ஏற்பாட்டின் தேவன் அன்பானவர் என்ற எண்ணம் வேதாகமத்தைப் புதிதாக வாசிக்கத் தொடங்குகிறவர்களிடம் மட்டுமல்ல, நெடுங்காலம் சபையில் வளர்ந்தவர்களிடமும் காணப்படுகிறது. இதை வாய்திறந்து சொல்லத் தயங்குகிறவர்கள்கூட, ஆதியாகமத்தின் சில வரலாறுகளையும் சங்கீதங்களையும் தவிர முதல் 39 புத்தகங்களைத் திறக்காமலே விட்டுவிடுவதன் மூலம் அதையே நடைமுறையில் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். தேவன் மாறாதவர் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிட்டுக்கொண்டே அவரை இருவராகப் பிரித்து வாசிக்கும் இந்தத் தவறிலிருந்தே மற்றப் பல தவறுகள் கிளைக்கின்றன. ஆகையால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த எண்ணம் புதியதன்று. கருங்கடல் கரையிலுள்ள சினோப்பே நகரத்தைச் சேர்ந்த மார்சியோன் என்பவர், உலகத்தைப் படைத்த இஸ்ரவேலின் தேவன் வேறு, இயேசு வெளிப்படுத்திய பிதா வேறு என்று போதித்தார். ரோமாபுரியின் சபை கி.பி. 144-ல் அவரை விலக்கியது. எபிரெய வேதம் முழுவதையும் ஒதுக்கிய அவர், புதிய ஏற்பாட்டையாவது முழுமையாக வைத்திருந்தாரா என்றால், அதுவும் இல்லை. லூக்கா சுவிசேஷத்தை வெட்டிக் குறைத்த ஒரு வடிவமும் பவுலின் பத்து நிருபங்களும் மட்டுமே அவரிடம் எஞ்சின. பழைய ஏற்பாட்டை நீக்கியவர் புதிய ஏற்பாட்டின் பக்கங்களையும் வெட்ட வேண்டியதாயிற்று; ஏனெனில் அந்தப் பக்கங்கள் ஆபிரகாம், மோசே, தாவீது, ஏசாயா என்று ஓயாமல் பின்னோக்கியே பேசுகின்றன. ஆதிச் சபையின் எழுத்தாளரான தெர்த்துல்லியன் அவருக்கு மறுப்பாக ஐந்து புத்தகங்கள் எழுதினார். ஆயினும் அந்தப் போதனை அங்கேயே முடிந்துவிடவில்லை. 1933 நவம்பர் 13 அன்று பெர்லின் நகரில், நாஜிகளை ஆதரித்த 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' இயக்கத்தின் பெருங்கூட்டத்தில், சபை பழைய ஏற்பாட்டிலிருந்து விடுதலை பெற வேண்டும் என்று ரைன்ஹோல்ட் கிரவுசே என்பவர் வெளிப்படையாகக் கோரினார். யூதர்களின் வேதத்தை இழிவாகப் பேசிய நாடு யூத மக்களுக்கு என்ன செய்தது என்பதை அறிந்தவர்கள், இந்தத் தவறை வெறும் வாசிப்புப் பிழை என்று எளிதாக எண்ணிவிட முடியாது.

வேதவசனங்களையே எடுத்துப் பார்த்தால் அந்தப் பிரிவினை நிற்பதில்லை. சீனாய் மலையில், பொற்கன்றுக்குட்டியின் பாவத்துக்குப் பிறகு, தேவன் தம்மைப்பற்றி மோசேயிடம் தாமே கூறிய வார்த்தைகள் "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்" என்பதே (யாத்திராகமம் 34:6). அடுத்த வசனம், குற்றவாளியை அவர் குற்றமற்றவனாக விடமாட்டார் என்றும் சொல்கிறது. இந்த அறிக்கையைப் பழைய ஏற்பாடு திரும்பத் திரும்ப எடுத்தாளுகிறது: எண்ணாகமம், நெகேமியா, சங்கீதங்கள், யோவேல், யோனா, நாகூம். மறுபுறம், நரக அக்கினியைப்பற்றி வேதாகமத்தில் மிகுதியாகப் பேசியவர் இயேசுவே. தேவனிடம் பொய் சொன்ன அனனியாவும் சப்பீராளும் விழுந்து இறந்தது அப்போஸ்தலர் நடபடிகளில்தான். "பட்சிக்கிற அக்கினி" என்று தேவனைக் குறிக்கும் உபாகமத்தின் சொற்களை அப்படியே எடுத்துச் சொல்வது எபிரெயர் நிருபம். பிறனை நேசி என்னும் கட்டளையை இயேசு எடுத்ததோ, நம்மில் பலர் வாசிக்காமல் தாண்டிப்போகும் லேவியராகமத்திலிருந்து.

இதில் யோனாவையும் நாகூமையும் ஒருசேர வைத்து வாசிப்பது மிகுந்த பலன் தரும் என்பது என் கருத்து. இருவரும் பேசுவது அசீரியரின் நினிவே என்ற ஒரே நகரத்தைப்பற்றி. இருவரும் சீனாயின் அதே அறிக்கையையே எடுக்கிறார்கள். நினிவே மனந்திரும்பியபோது தேவன் அழிவைத் தவிர்த்துவிட்டதைக் கண்டு, "நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனாலேயே ஓடிப்போனேன்" என்ற பொருள்பட யோனா முறையிடுகிறான். பிற்காலத்தில் அதே நகரம் கொடுமைக்குத் திரும்பியபோது, கர்த்தர் நீடிய சாந்தமுள்ளவர், ஆனாலும் ஆக்கினையில்லாமல் விடமாட்டார் என்று நாகூம் அறிவிக்கிறான், கி.மு. 612-ல் நினிவே வீழ்ந்தது. மாறியது நகரத்தின் நிலையே ஒழிய, மனந்திரும்பினவர்களுக்கு இரங்குவதும் கொடுமையில் நிலைத்திருப்பவர்களை நியாயந்தீர்ப்பதுமாகிய தேவனுடைய இயல்பு இரண்டு வேளைகளிலும் ஒன்றாகவே இருந்தது.

இதற்கு நேரெதிரான தவறு ஒன்றும் உண்டு. இரு ஏற்பாடுகளையும் ஒன்றாகக் காட்டவேண்டும் என்ற ஆர்வத்தில், தேவனுடைய கட்டளையின்படி இஸ்ரவேலர் செய்த கானானியரின் அழிவு போன்ற கடினமான பகுதிகளை அவசரமாக மழுப்பிவிடுவதே அது. அந்தப் பகுதிகளை வாசிக்கும்போது மனம் கலங்குவது விசுவாசக் குறைவு அன்று. கலங்காமல் வாசிப்பதே கவலைக்குரியது. ஆனால் கலக்கத்தோடு நின்றுவிடாமல், கானானில் வாழ்ந்த எமோரியருடைய அக்கிரமம் இன்னும் நிறைவாகவில்லை என்று தேவன் ஆபிரகாமிடம் சொல்லித் தலைமுறைகளாகக் காத்திருந்ததையும் (ஆதியாகமம் 15:16), அதே பாவங்களைச் செய்தால் அதே தேசம் இஸ்ரவேலையும் கக்கிப்போடும் என்று லேவியராகமம் 18 எச்சரித்ததையும், அந்த எச்சரிக்கை கி.மு. 722-ல் சமாரியாவிலும் 586-ல் எருசலேமிலும் நிறைவேறியதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கானானியப் பெண்ணாகிய ராகாப் இயேசுவின் வம்ச அட்டவணையில் இடம்பெறுகிறாள் என்பதையும் மத்தேயு மறைக்கவில்லை. இவையெல்லாம் கேள்வியை முற்றிலும் தீர்த்துவிடுகின்றன என்று நான் சொல்லவில்லை. தேவன் ஒரு ஜனத்துக்கு ஒரு நீதி, மற்றொரு ஜனத்துக்கு வேறு நீதி வைத்தவர் அல்லர் என்பதை மட்டும் இவை தெளிவாக்குகின்றன.

மாறாதவர் என்றால் அசையாதவர், எதுவும் அவரைத் தொடாது என்று புரிந்துகொள்வது அடுத்த தவறு. எல்லா இயக்கத்துக்கும் மூலகாரணம் என்று அரிஸ்டாட்டில் கூறிய 'முதல் இயக்குநர்' தன்னையன்றி வேறெதையும் சிந்திப்பதில்லை. உலகத்தின் துயரம் அதற்குத் தெரியவும் தெரியாது. ஓசியா 11-ல் பேசுகிற தேவன் அப்படிப்பட்டவர் அல்லர். எப்பிராயீமை, அதாவது இஸ்ரவேலின் வட ராஜ்யத்தை, எப்படிக் கைவிடுவேன் என்று தம் இருதயம் குழம்புவதாகச் சொல்லிவிட்டு, தாம் மனுஷனல்ல, தேவனாயிருப்பதால் அழிக்க வரமாட்டேன் என்கிறார். மனிதனைப்போல் மாறுகிறவராக இருந்திருந்தால் அவருடைய அன்பு தீர்ந்துபோயிருக்கும் என்பதே அங்குள்ள வாதம். மல்கியாவின் புகழ்பெற்ற வசனமும் இதையே சொல்கிறது: "நான் கர்த்தர் நான் மாறாதவர், ஆகையால் யாக்கோபின் புத்திரராகிய நீங்கள் நிர்மூலமாகவில்லை" (3:6). இந்த வசனத்தின் முற்பாதியைச் சுவரில் எழுதிவைக்கிறோம், பிற்பாதியை மறந்துவிடுகிறோம். தேவனுடைய மாறாமை அங்கே ஒரு தத்துவக் கோட்பாடாகப் பேசப்படவில்லை. உடன்படிக்கையை மீறிய ஒரு ஜனம் இன்னும் உயிரோடிருப்பதற்கான காரணமாகவே அது பேசப்படுகிறது.

அப்படியானால் தேவன் மனஸ்தாபப்பட்டார், அதாவது செய்ததற்காக வருந்தினார், என்று வரும் இடங்களை என்ன செய்வது? 1 சாமுவேல் 15-ஐ மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். சவுலை ராஜாவாக்கினதற்காக அவர் மனஸ்தாபப்பட்டார் என்று 11-ஆம் வசனமும் 35-ஆம் வசனமும் சொல்ல, மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல என்று 29-ஆம் வசனம் சொல்கிறது. ஒரே அதிகாரத்துக்குள் இவ்வளவு அருகில் இரண்டையும் வைத்த எழுத்தாளர் முரண்பாட்டைக் கவனிக்காமல் விட்டார் என்று நினைப்பது அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகும். சவுலின் கீழ்ப்படியாமையை முன்னிட்டு தேவன் அவனிடம் நடந்துகொள்ளும் விதம் மாறியது, அது தேவனுக்குத் துக்கமாகவும் இருந்தது. ஆனால் எடுத்த தீர்மானத்தை மனிதரைப்போல் சஞ்சலத்தால் திருப்பிக்கொள்கிறவர் அவர் அல்லர். ஒரு தேசம் திரும்பினால் சொன்ன தீங்கை விலக்குவேன், விலகிப்போனால் சொன்ன நன்மையை விலக்குவேன் என்று எரேமியா 18 இதை வெளிப்படையான நியதியாகவே வைக்கிறது.

பலிகளும் உணவுச் சட்டங்களும் முடிவுக்கு வந்ததால் தேவன் மாறிவிட்டார் என்ற முடிவுக்கு இங்கே நீண்ட பதில் தேவையில்லை. புதிய உடன்படிக்கை வரும் என்று முன்னறிவித்ததே பழைய ஏற்பாடுதான் (எரேமியா 31:31). எபிரெயர் 8-ஆம் அதிகாரம் அந்தப் பகுதியை நீளமாகவே மேற்கோள் காட்டுகிறது. முன்கூட்டியே சொல்லிவைத்ததை நிறைவேற்றுகிறவரை மனம் மாறியவர் என்று யாரும் சொல்வதில்லை.

சிலுவையைப்பற்றிய ஒரு தவறு இதைவிட ஆழமானது. கோபத்தோடிருந்த பிதாவை அன்புள்ள குமாரன் சமாதானப்படுத்தி மனம் மாற வைத்தார் என்பதுபோல் சில பிரசங்கங்களில் கேட்கிறோம். நற்செய்தியின் வரிசை அப்படியில்லை. தேவன் அன்புகூர்ந்தபடியினால் குமாரனைத் தந்தார் என்றே யோவான் 3:16 சொல்கிறது. அன்பு முதலில், சிலுவை அதன் விளைவு. பாவத்தின்மேலுள்ள கோபமும் உண்மையே, ஆனால் அது பிதாவுக்கு ஒன்றும் குமாரனுக்கு வேறொன்றுமாகப் பங்கிடப்பட்டதன்று. கி.பி. 325-ல் நிசேயாவில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம், தேவகுமாரன் மாற்றத்துக்கு உட்பட்டவர் என்று சொல்கிறவர்களைக் கண்டித்து விலக்கியது இதன் பொருட்டே. குமாரனில் காணும் அன்பு பிதாவின் இயல்புக்கு அந்நியமானதாக இருந்தால், இயேசுவைக் கண்டவன் பிதாவைக் கண்டான் என்னும் வாக்கு பொய்யாகிவிடும்.

கடைசியாக, நம் தமிழ்ச் சபைகளில் அதிகம் காணப்படும் ஒன்று. புத்தாண்டு ஆராதனையில் அந்த ஆண்டுக்கென ஒரு வாக்குத்தத்த வசனம் எடுக்கிறோம். "இயேசுகிறிஸ்து நேற்றும் இன்றும் என்றும் மாறாதவராயிருக்கிறார்" என்ற வசனத்தை அதோடு சேர்த்து, அன்று அவர்களுக்குச் செய்ததை இன்று எனக்கும் அப்படியே செய்தாக வேண்டும் என்று முடிவுகட்டுகிறோம். தேவனுடைய இயல்பு மாறாதது என்பதால் அவருடைய செயல்கள் ஒவ்வொருவருக்கும் ஒரே அச்சில் வார்க்கப்படும் என்று பொருளாகாது. அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலனாகிய யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறான். சில வசனங்களுக்குள் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே அழைத்து வருகிறான். எபிரெயர் 11-ல் விசுவாசத்தினால் பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்களும், பட்டயத்தால் வெட்டப்பட்டு மரித்தவர்களும் ஒரே பட்டியலில் நற்சாட்சி பெறுகிறார்கள். சுகம் கிடைக்காத ஒருவரிடம் உங்கள் விசுவாசம் போதவில்லை என்று சொல்கிறவர்கள் இந்த அதிகாரத்தை இன்னொரு முறை வாசிக்க வேண்டும். அந்தச் சொல் நோயாளியின்மேல் சுமத்தும் பாரம் கொடியது.

அட்டைகளில் அடிக்கடி அச்சாகும் எரேமியா 29:11-ஐயே பாருங்கள். "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று தேவன் எழுதியது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு. அதற்கு முந்தின வசனம் அதன் நிறைவேறுதலுக்கு எழுபது வருடங்கள் ஆகும் என்று சொல்கிறது. ஆகையால் அங்கேயே வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றும் அதே கடிதம் கட்டளையிடுகிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே இறந்திருப்பார்கள். கி.மு. 538-ல், சிறைப்பட்டவர்கள் திரும்பலாம் என்று பெர்சிய ராஜாவாகிய கோரேசின் கட்டளை பிறந்தபோது எருசலேமுக்குத் திரும்பியவர்களில் மிகுதியானோர் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. வாக்கு மாறவில்லை, அதைப் பெற்றுக்கொண்ட தலைமுறைதான் வேறு.