அறுபதுக்கு மேல் இளைக்க வேண்டுமா? ஆழாக்கிலிருந்து தொடங்குங்கள்

முதல் வேலையாக உங்கள் வீட்டு ஆழாக்கை எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போங்கள். தலைதட்டி அரிசி அளந்து தராசில் வைக்கச் சொல்லுங்கள். வடசென்னையில் எங்கள் பழைய வண்ணாரப்பேட்டைத் தெருவில் வீட்டுக்கு ஒரு அளவு. ஒருத்தியிடம் மாமியார் காலத்துப் பித்தளை ஆழாக்கு, அடுத்த வீட்டில் பழைய எவர்சில்வர் டம்ளர். "நான் ஒரே ஆழாக்குதான்க்கா போட்றேன், எப்டித்தான் ஒடம்பு ஏறுதோ" என்று இருவரும் ஒரே மாதிரி புலம்புவார்கள். நிறுத்துப் பார்த்தால் ஒன்றில் 140 கிராம், மற்றதில் 220.

நான் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கிராமில் கணக்குப் போட்டே பழகிய ஆள். ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு மதியத்துக்கு 100 கிராம் அரிசி என்பது அங்கே கணக்கு. ஓடியாடி வளர்கிற பிள்ளைக்கே அவ்வளவுதான். மதியம் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே சாய்கிற நமக்கு எவ்வளவு வேண்டும்? என் கணக்கில் 60 கிராம் போதும். வடித்தால் 170, 180 கிராம் சோறு வரும். அன்னக்கரண்டியால் ஒன்றரை, இரண்டு கரண்டி. பார்க்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பக்கத்தில் வேறு என்ன வைப்பது என்று பிறகு சொல்கிறேன்.

ஏன் இந்த வயதில் மட்டும் இப்படி ஏறுகிறது? மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர ஆரம்பிக்கும். தசையோ வருஷத்துக்கு வருஷம் கரையும். தசை குறைந்தால் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியும் குறைந்துவிடும். இது மருத்துவர் சொல்வது. நான் கண்ணால் பார்த்தது இன்னொன்று. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் எங்கள் வயதுப் பெண்கள் எல்லாரும் அடி பம்பு அடித்தவர்கள். விடியற்காலையில் லாரித் தண்ணீருக்கு வரிசை, இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு பக்கெட், அப்படியே மாடிப்படி. ஆட்டுக்கல், அம்மி, துணி துவைக்கிற கல். இப்போது மோட்டார் வந்துவிட்டது, கேன் தண்ணீர் வாசலுக்கு வருகிறது. நல்லதுதான், யாரும் திரும்பக் குடம் தூக்க ஆசைப்படவில்லை. வேலை எல்லாம் போய்விட்டது, உலையில் போடுகிற அரிசி மட்டும் அப்படியே இருக்கிறது. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைப்பதால் கையும் தாராளமாகத்தான் போடுகிறது.

அதனால் தட்டில் குறைப்பதைவிட உலையில் குறைப்பது சுலபம். சோறு மீந்தால் அது யார் வயிற்றுக்குப் போகும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கொட்ட மனசு வராது. பேரன் பாதி கடித்த இட்லி, மருமகள் வேண்டாமென்று வைத்த தோசை, குக்கர் அடியில் ஒட்டின பருக்கை, எல்லாம் நம் கணக்கில் வரவாகும். ஆளுக்கு இத்தனை கிராம் என்று அளந்து போடுங்கள். பேரனுக்கு முதலில் அரை இட்லி வையுங்கள், கேட்டால் மீதி. அப்படியும் மீந்ததைத் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் அதையே சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய சோறு குடித்த பிறகு "ரெண்டே ரெண்டு இட்லி" என்பது கிடையாது.

அடுத்தது மீன். இளைக்கப் போகிறேன் என்றதும் நம் பெண்கள் முதலில் விடுவது மீனையும் முட்டையையும்தான். சோற்றை விட மனசு வராது. இது தலைகீழ். சும்மா சாப்பாட்டைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். அப்புறம் நடக்கத் தெம்பு இருக்காது, விட்ட எடையும் சீக்கிரம் திரும்பும். தசை நிற்க வேண்டுமானால் புரதம் வேண்டும். 60 கிலோ இருக்கிறவருக்கு நாளைக்குக் கிட்டத்தட்ட 60 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 18 முதல் 20, ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8. ஒரே வேளையில் அடைக்காமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருந்தும் நமக்குப் புரதம் குறைகிறது என்றால், குழம்புச் சட்டியைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். நடுத்துண்டு வீட்டுக்காரருக்கு, வால் துண்டு பிள்ளைக்கு, நமக்குத் தலையும் குழம்பும். அந்தக் குழம்பை ஊற்றி ஊற்றி இரண்டு தட்டுச் சோறு. இனிமேல் துண்டை முதலில் உங்கள் தட்டில் எடுத்து வைத்துவிட்டுப் பரிமாறுங்கள். வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை. நெத்திலி, காணாங்கத்தை, கிழங்கா எல்லாம் விலை குறைவு, சத்தில் ஒன்றும் குறைவில்லை. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது, மீன் விலை ஏறிவிடும். அந்த 61 நாளுக்கு முட்டை, ரேஷன் துவரம்பருப்பு, பச்சைப்பயறு, மீல்மேக்கர். கருவாட்டைத் தினமும் வைத்துவிடாதீர்கள், பிரஷர்காரர்களுக்கு அந்த உப்பு ஆகாது. சைவக்காரர்கள் பருப்பைக் குழம்பில் கரைத்துவிடாமல் கெட்டிக் கூட்டாகச் செய்தால்தான் வயிற்றுக்கு ஏதாவது போகும்.

தட்டில் பாதி காய், கீரை. இதைத்தான் பிறகு சொல்கிறேன் என்றேன். சுரைக்காய், புடலங்காய், முள்ளங்கி, முருங்கைக்கீரை என்று மலிவாக எது இருக்கிறதோ அது. உருளைக்கிழங்கு காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில் வரும். முதலில் காயையும் மீனையும் சாப்பிட ஆரம்பித்து, சோற்றைக் கடைசியில் தொட்டால் வயிறு தானாகவே போதும் என்னும்.

எண்ணெய்க்கு ஒரு கணக்கு. ஆளுக்கு மாதம் அரை லிட்டர், எல்லா எண்ணெயும் சேர்த்து. வீட்டில் நான்கு பேர் என்றால் இரண்டு லிட்டர். ஒன்றாம் தேதி அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு குழிக்கரண்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் பிடிக்கிறது என்றால் அதில் ஏறக்குறைய 250 கலோரி. நாம் அளந்த 60 கிராம் அரிசியில் 210தான். சோற்றைக் குறைத்துவிட்டு மீனைப் பொரித்தெடுத்தால் குறைத்தது அப்படியே திரும்பி வந்துவிடும், அதனால்தான் சிலருக்கு ஒன்றுமே குறைவதில்லை. தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் விட்டு, மூடி போட்டுச் சிறுதீயில் திருப்பி எடுங்கள். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், ருசி குறையாது.

டீ. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் சர்க்கரை நாளைக்கு 20 முதல் 25 கிராம் வரை என்று இருக்கிறது. ஒரு டீஸ்பூன் 5 கிராம். நான்கு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் ஆகிவிட்டது, இன்னும் பிஸ்கெட்டைத் தொடவே இல்லை. வாரத்துக்கு வாரம் அரை ஸ்பூன் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாம் இந்த விஷயத்தில் சர்க்கரைதான். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பர்மா பஜார் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்), தங்கசாலைத் தெரு ஜிலேபி, கல்யாண மண்டபத்துப் பிரியாணி இதையெல்லாம் ஒழிக்கச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை, நானும் சாப்பிடுகிறேன். பாதியைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அன்று இரவு மோரும் ஒரு வெள்ளரிக்காயும் போதும்.

இனி உடம்பு வேலை. நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. வீட்டில் இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், பின்னால் நகரக் கூடாது. புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கால் விரலில் மாட்டும். இருக்கையின் முன் ஓரத்துக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், இடுப்பகலம் விட்டு. இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டி, உடம்பை முன்னால் சாய்த்து, மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். கையை ஊன்றாமல் எழ முடியவில்லையா, தொடையில் ஊன்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரம் ஏற்றுங்கள். உட்காரும்போதுதான் விஷயமே இருக்கிறது. தொப்பென்று விழாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்க வேண்டும். ஐந்து தடவையில் தொடங்கி, பத்து வரைக்கும் போய், கொஞ்சம் இளைப்பாறி இன்னொரு பத்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். தொடை வலிக்கலாம், இரண்டு நாளில் போய்விடும். மூட்டுக்குள்ளே குத்தினால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது கைக்கு. ஒரு லிட்டர் பாட்டில் இரண்டில் தண்ணீர் நிரப்பி, கைக்கு ஒன்றாகப் பிடித்து, முழங்கையை மடக்கித் தூக்கி இறக்குங்கள். அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நில்லுங்கள். கீழே விழாமல் இருக்க இது உதவும். நம் வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் தொப்பையைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது.

நடைக்கு வாரம் 150 நிமிஷம் கணக்கு, அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். ராயபுரத்தார்க்கு ராபின்சன் பூங்கா இருக்கிறது (1949-ல் தி.மு.க. தொடங்கிய அதே இடம்தான்), பெரம்பூரில் முரசொலி மாறன் பூங்கா, திருவொற்றியூர்க்காரர்களுக்கு வடிவுடையம்மன் கோயில் பிரகாரத்தைவிட நல்ல இடம் எது? கன்டெய்னர் லாரி போகிற சாலை ஓரத்தில் மட்டும் நடக்காதீர்கள், இளைப்பதற்கு முன்பே மூச்சு இளைக்கும். மழைக் காலத்தில் மொட்டை மாடி. வெயில் காலத்தில் ஆறு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். ஒரே மூச்சில் அரை மணி முடியாதவர்கள் மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிஷம் நடக்கலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு அதுவே உத்தமம். மெட்ரோ நிலையத்தில் முட்டி வலிக்காரர்கள் ஏறும்போது படியும் இறங்கும்போது லிஃப்ட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்குவதுதான் முட்டிக்கு அதிகப் பாரம்.

தொடங்குவதற்கு முன் இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்கலாம். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வருகிற அம்மாவிடம் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள், மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. பழைய அளவு மருந்தும் புதிய அளவு சோறும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர். ஒரு மாதத்தில் பத்துக் கிலோ என்று விற்கிற பொடி, லேகியம், பெல்ட் எதையும் வாங்காதீர்கள். ஒன்றுமே செய்யாமல் எடை தானாக இறங்கினால் சந்தோஷப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எவ்வளவு குறைக்கலாம்? நம் நாட்டுப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பார்கள், தையல் டேப்பில் 31½ அங்குலம். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் வர ஆரம்பிக்கும். 76 கிலோ என்றால் நான்கு கிலோ. ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்கு நான்கு கிலோ பாரம் மிச்சம். மாதம் ஒன்று, ஒன்றரைக் கிலோ போதும், அதற்கு மேல் அவசரப்பட்டால் தசைதான் போகும்.

குறைந்ததை வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். உடம்பு சிறிதானால் அதற்கு வேண்டிய சாப்பாடும் குறைவு, அதனால் பழைய அளவுக்கு இனி திரும்பவே முடியாது. 76-லிருந்து 68-க்கு வந்தவள் நான், இன்றும் அந்த 60 கிராம்தான். வாரம் ஒரு நாள், காலையில் காபி குடிக்கும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். தினம் பார்த்தால் அரைக் கிலோ ஏறி இறங்குவதைக் கண்டு மனசு கெட்டுவிடும். காலண்டர் தாளில் அந்தக் கட்டத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். இரண்டு கிலோ ஏறினால் அந்த வாரமே எண்ணெயையும் டீச் சர்க்கரையையும் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும். ஆடி மாதம் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். ஒரு சொம்பு கூழும் முருங்கைக்கீரையும் என்றால் அதுவே மதியச் சாப்பாடு, வீட்டுக்கு வந்து சோறு கிடையாது. தீபாவளிப் பலகாரத்தைச் சம்படத்தில் போட்டு எட்டாத அலமாரியில் வையுங்கள்.

கடைசியாக ஒரு தொல்லை இருக்கிறது. நம் பக்கத்தில் வயதான பெண் இளைத்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள். "இன்னாக்கா, ஒட்டிப் போய்ட்ட, சுகரா?" என்பாள் ஒருத்தி. "மருமக சோறு போட்றாளா இல்லியா?" என்பாள் இன்னொருத்தி. அதோடு ஒரு தட்டு பஜ்ஜியும் கையில் திணிப்பார்கள். உட்கார்ந்து கலோரி விளக்கம் சொல்லாதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். "டாக்டரு திட்றாரும்மா, எண்ணெயைத் தொட்டா அடுத்த வாட்டி ஊசிதான்னு சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள். கையை ஊன்றாமல்.