டெல்டாவில் கையடக்க கேமரா வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கடையில் கையடக்க கேமரா கேட்டால் முதலில் மெகாபிக்சலையும் ஜூமையும்தான் சொல்வார்கள். இரண்டையும் ஓரமாக வையுங்கள். ஏ4 அளவுப் பிரிண்டுக்கு 12 மெகாபிக்சல் தாராளம். படம் எப்படி வரும் என்பது சென்சாரின் (ஒளியைப் படமாக்கும் சில்லு) பரப்பிலும் லென்ஸின் அப்பர்ச்சரிலும் (ஒளி நுழையும் துளை) இருக்கிறது.

விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் 1/2.3 அங்குல சென்சார். அதன் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. 1 அங்குலம் என்று சொல்லப்படுவது 13.2 × 8.8 மி.மீ., அதாவது 116 சதுர மி.மீ.; நான்கு மடங்கு. (பெயரில்தான் ஒரு அங்குலம். ஸ்கேலை வைத்து அளந்தால் அகலம் அரை அங்குலத்தைச் சற்றே தாண்டும்.) நல்ல போன்களின் சென்சாரே இப்போது 1/2.3-ஐவிடப் பெரிது. அதனால் நீள ஜூமோ தண்ணீர் புகாத உடலோ தேவைப்பட்டால் ஒழிய, 1 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள்.

அடுத்து, லென்ஸைச் சுற்றிப் பொறித்திருப்பதைப் படியுங்கள். கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2-இல் '8.8-36.8 மி.மீ., 1:1.8-2.8' என்று இருக்கும். கடைசி இரண்டு எண்களே முக்கியம்: ஜூம் இழுக்காதபோது எஃப் 1.8, முழுக்க இழுத்தால் எஃப் 2.8. எண் சிறிதானால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம். முதல் இரண்டையும் 2.7-ஆல் பெருக்கினால் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவை வைத்து வழக்கமாகச் சொல்லும் 24-100 மி.மீ. கணக்கு வரும், இந்தப் பெருக்கல் 1 அங்குல சென்சாருக்கு மட்டும்.

எஃப் எண்ணின் அருமை தாராசுரம் கோயிலில் வெளிச்சம் குறைந்த தூண்களுக்கிடையே நின்றால் புரியும். எஃப் 1.8-இல் 1/60 நொடியில் எடுக்கிற படத்துக்கு எஃப் 5.6-இல் 1/6 நொடி வேண்டும். ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் கல் தெளிவாக வரும், ஓடுகிற பிள்ளை கலங்கித்தான் வரும். ஃபிளாஷ் போடலாமே என்றால், நேராக விழும் வெளிச்சம் நிழலை அழித்துப் புடைப்புச் சிற்பத்தைத் தட்டையாக்கிவிடும்.

ஜூம் எவ்வளவு நீளம் என்பதைவிட எவ்வளவு அகலத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். அக்ரகாரத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து 10 அடி தள்ளி நின்றால் 24 மி.மீ.யில் 15 அடி அகலம் அடங்கும். 28-இல் 13 அடிக்குச் சற்றுக் குறைவு. 35-இல் 10 அடிதான். பின்னால் நகர இடமில்லாத தெருக்களில் இந்த வித்தியாசம் பெரிது. கோடியக்கரைப் பூநாரைகளுக்காகத்தான் கேமரா என்றால் சட்டைப்பை கேமராவே வேண்டாம். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-இன் 200 மி.மீ.கூட அங்கே போதாது.

உச்சி வெயிலில் களத்துமேட்டில் நின்றால் திரையில் ஒன்றும் தெரியாது. ஆர்எக்ஸ்100 வரிசையில் மார்க் 3 முதல் எழும்பி வரும் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல்) உண்டு, ஜி7எக்ஸில் கிடையாது. நம் ஊர் வெயிலுக்கு இதற்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம்.

இனி தூசி. நீண்டு சுருங்கும் லென்ஸ் காற்றடிக்கும் பம்பு மாதிரி. ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தை, மாசியில் அறுவடை மெஷின் ஓடும் வயலில் அந்தக் காற்று முழுக்க நெல் சுணை. ஒரு துகள் சென்சாரில் ஒட்டினால் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் மங்கல் புள்ளி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் சுத்தம் செய்ய உடலையே பிரிக்க வேண்டும். 1 அங்குலத்தைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட ரிக்கோ ஜிஆர் 3 ஜூம் இல்லாத 28 மி.மீ. கேமரா, படத்தில் இவை எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் அதிலும் லென்ஸ் வெளியே வந்துபோகும், தூசிக்குக் காப்பும் இல்லை. களத்தில் காற்று வரும் பக்கம் நில்லுங்கள், அங்கே வைத்து அடிக்கடி ஆஃப், ஆன் செய்யாதீர்கள்.

பழைய கேமரா வாங்கினால் கடையிலேயே இதைச் செய்யுங்கள். அப்பர்ச்சரை நாமே வைக்கும் ஏ அல்லது ஏவி முறையில் எஃப் 11 வைத்து வெள்ளைச் சுவரைக் கொஞ்சம் கலங்கலாக எடுத்து, திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடுங்கள். தூசி இருந்தால் சாம்பல் புள்ளியாகத் தெரியும். எஃப் 1.8-இல் எடுத்தால் புள்ளி கரைந்து ஏமாற்றிவிடும். பிறகு போன் டார்ச்சை லென்ஸுக்குச் சாய்வாக அடியுங்கள்: சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பத்து முறை ஆன், ஆஃப் செய்து லென்ஸ் திக்குகிறதா என்று கேளுங்கள். பேட்டரியை மேசையில் படுக்க வைத்துச் சுழற்றிவிடுங்கள். பம்பரமாய்ச் சுற்றினால் உப்பியிருக்கிறது. மிகப் பழைய மாடல் என்றால் கார்டையும் விசாரியுங்கள்: எக்ஸ்டி என்ற பழைய வகை மெமரி கார்டு எளிதில் கிடைக்காது, 2006-க்கு முந்தையவை பல 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டைப் படிக்காது. புதிதோ பழையதோ, இன்னொரு பேட்டரியும் சேர்த்து வாங்குங்கள். ஜிஆர் 3-க்குச் சொல்லப்படும் கணக்கே ஒரு சார்ஜுக்கு 200 படம். தேர் நிலைக்கு வருமுன் தீர்ந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோல் உறையில் போட்டுத் துணி பீரோவுக்குள் வைத்தால் பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்றைப் போட்டு 40-50 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அரிசிக்குப் பஞ்சமில்லாத ஊர்தான், ஆனாலும் கேமராவை அரிசிப் பானையில் புதைக்காதீர்கள். மாவுத் தூசி இடுக்குகளில் ஏறிவிடும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானதும், சமையலுக்கு எடுக்காத வாணலியில் மிதமான சூட்டில் கிளறினால் மறுபடி ஆரஞ்சாகும். நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள்.