ஃபினெஸுக்கு அவசரப்படாதீர்கள்: பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் டிக்ளேரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏலத்தில் வென்று ஆட்டத்தை நடத்தும் டிக்ளேரர் நீங்கள் என்றால், டம்மியின் (உங்கள் கூட்டாளியின்) சீட்டுகள் மேசையில் விரிந்ததுமே கை பரபரக்கும். யோசிக்காமல் முதல் சீட்டைக் கேட்டுவிடுகிறோம். பல காண்ட்ராக்டுகள் (இத்தனை சுற்று வெல்வோம் என்று ஏலத்தில் ஒப்புக்கொண்டவை) அங்கேயே போய்விடுகின்றன. உறுதியான ட்ரிக் (வெல்லும் சுற்று) எத்தனை, இன்னும் எத்தனை வேண்டும், அவை எங்கிருந்து வரும் என்று எண்ணி முடிக்கும்வரை டம்மியிலிருந்து எதையும் கேட்காதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒரே வாய்ப்பை நம்பி இறங்குவது. 3 நோ ட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) ஆடுகிறீர்கள். ஒன்பது ட்ரிக் தேவை, எட்டு உறுதி. டைமனில் உங்கள் கையில் ஏஸும் ராணியும், டம்மியில் இரண்டு சின்னச் சீட்டு. கிளாவரில் டம்மியிடம் ஏஸ், ராஜா, ராணி, 3. உங்களிடம் 6, 5, 4. பலர் உடனே டைமன் ஃபினெஸுக்குப் போவார்கள்: டம்மியிலிருந்து சின்ன டைமனை ஆடி, ராஜா வலப்பக்க எதிராளியிடம் இருக்கும் என்று நம்பி ராணியைப் போடுவது. ராஜா வலப்பக்கம் இருந்தால் வெற்றி, இடப்பக்கம் இருந்தால் தோல்வி. அதாவது 50 சதவீதம்.

அதற்குப் பதிலாக முதலில் கிளாவரின் மூன்று பெரிய சீட்டுகளையும் ஆடிப் பாருங்கள். எதிராளிகளின் ஆறு கிளாவரும் மூன்று-மூன்றாகப் பிரிந்திருக்கச் சுமார் 36 சதவீதம் வாய்ப்பு உண்டு. அப்படியானால் டம்மியின் 3-தான் ஒன்பதாவது ட்ரிக், ஃபினெஸே வேண்டாம். பிரியவில்லையா? சரி, அடுத்த சீட்டை டம்மிதான் ஆட வேண்டும்; அங்கிருந்தே டைமனை ஆடி ஃபினெஸ் செய்யலாம். இரண்டு வாய்ப்பும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 68 சதவீதம்! ஃபினெஸை முதலில் செய்து தோற்றால், எதிராளிகள் தங்கள் நீளமான சூட்டை (ஒரே இனச் சீட்டுகளை) வரிசையாக எடுத்துவிடுவார்கள். கிளாவரைச் சோதிக்க நேரம் கிடைக்காது. ஆட்டத்தை எதிராளியிடம் கொடுக்காமல் சோதிக்க முடிவது எதுவோ, அதுதான் முதலில்.

சீட்டு சரிசமமாகப் பிரியும் என்று எதிர்பார்ப்பதும் நிறையப் பேரிடம் உண்டு. வெளியே ஆறு சீட்டு இருந்தால் 4-2 பிரிவுதான் அதிகம், சுமார் 48 சதவீதம். ஐந்து இருந்தால் 3-2 பிரிவு 68 சதவீதம், அதைத் தைரியமாக நம்பலாம்.

ஆனால் ஏலத்தை மறந்துவிட்டு இந்தக் கணக்கை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் ஏழு சீட்டுள்ள சூட்டைக் காட்டி ஏலம் கேட்டிருந்தால், மற்ற மூன்று சூட்டுக்கும் சேர்த்து அவரிடம் ஆறு சீட்டுதான். காணாத ராணி அவருடைய கூட்டாளியிடம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அப்புறம், எந்த ஸ்கோரிங் என்பதையும் பாருங்கள். ரப்பரிலும் (ஒரே மேசையில் நால்வர் ஆடுவது) டீம் ஆட்டத்திலும் காண்ட்ராக்டைக் காப்பதே முதல் வேலை. பேர்ஸ் மேட்ச்பாயிண்டில் (அதே சீட்டுகளை ஆடிய மற்ற ஜோடிகளோடு ஒப்பிட்டுப் புள்ளி தரும் முறையில்) மட்டும், எல்லோரும் எடுக்கக்கூடிய காண்ட்ராக்ட் என்றால், ஒரு கூடுதல் ட்ரிக்குக்காகச் சில நேரம் துணிவது நியாயம்.