சூப் எலும்பில் தெளிவான கோழிச் சாறு

சாறுக்கு நல்ல கறி தேவையில்லை. எலும்பில்லாத நெஞ்சுக்கறியைப் போட்டால் காசுதான் வீண், சாறு சப்பென்று இருக்கும். கறிக்கடையில் கழுத்து, முதுகெலும்பு, இறக்கை நுனி கலந்து அரை கிலோ கேளுங்கள், கூடவே நாலு கால். குடிக்கும்போது உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டும் பதம் கால் போட்டால்தான் வரும்.

காலில் மஞ்சள் தோல் இருந்தால் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி உரியுங்கள். அதிக நேரம் விட்டால் தோல் வெந்து ஒட்டிக்கொள்ளும். நகத்தை வெட்டிவிடுங்கள். அடுத்து முதுகெலும்பைத் திருப்பிப் பாருங்கள். உள்குழியில் கருஞ்சிவப்பாக அப்பியிருப்பது சிறுநீரகம், மேலே இளஞ்சிவப்பாகப் பஞ்சு போல இருப்பது நுரையீரல். இரண்டையும் கட்டைவிரலால் நோண்டி எடுத்துவிடுங்கள். கவிச்சி வாடைக்கும் சாறு கலங்குவதற்கும் பெரும்பாலும் இவைதான் காரணம். ஈரலையும் போடாதீர்கள், கசக்கும். குழாயடியில் பிடித்து அலசினால் சுற்றிலும் தெறிக்கும். பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

எலும்பு மூழ்கப் பச்சைத் தண்ணீர் ஊற்றி மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு குக்கரில் எலும்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர், தட்டிய சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், விரல் நீள இஞ்சி, மிளகு, சீரகம் தலா ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், தூக்கிப்போடும் கொத்தமல்லித் தண்டு. ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம். ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கினால் உள்ளே தளதளவென்று கொதித்துக் கொழுப்பு கலந்து சாறு பால்போல் ஆகிவிடும். சட்டியில் வைப்பவர்கள் இரண்டு லிட்டர் ஊற்றி, ஓரத்தில் மட்டும் குமிழி வருமளவு தீயில் இரண்டு மணி நேரம் விடுங்கள். உப்பை இப்போது போட வேண்டாம். சாறு சுண்டச் சுண்ட கரித்துவிடும்.

வடிகட்டினால் ஒன்றேகால் லிட்டர் அளவுக்குத் தேறும். கழுத்தில் ஒட்டிய கறியைப் பிய்த்து வையுங்கள். அதே எலும்பில் முக்கால் லிட்டர் தண்ணீர் விட்டு இன்னொரு தடவை வேகவைக்கலாம். அது குடிக்கச் சுமார்தான், பருப்பு வேகவைக்க நன்றாக இருக்கும்.

நாலு பேருக்கு சூப் என்றால், ஆறிய சாறின் மேல் மிதக்கும் கொழுப்பில் ஒரு ஸ்பூன் எடுத்துச் சூடாக்கி, சோம்பு, கறிவேப்பிலை, ஒரு தக்காளி வதக்கி, ஒரு லிட்டர் சாறு ஊற்றுங்கள். கெட்டிக்குச் சோளமாவு வாங்க வேண்டாம், ஒரு கைப்பிடி பழைய சோற்றை மசித்துக் கரைத்தால் போதும். பிய்த்த கறி, உப்பு, பொடித்த மிளகு போட்டு ஒரு கொதியில் இறக்குங்கள்.

மீதியை அகலப் பாத்திரத்தில் ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். ஐஸ் டிரேயில் உறைய வைத்தால் ரசத்துக்கு இரண்டு கட்டி, குழம்புக்கு நாலு கட்டி என்று எடுத்துக்கொள்ளலாம்.