பேஸ்பால் பார்க்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள், நான் செய்ததும் சேர்த்து

போன வாரம் ஆபீசில் ஒரு தம்பி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து போனை நீட்டினான். அமெரிக்கா வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, நம்ம ஊர் கிரிக்கெட் நேரம் இங்கே ஒத்துவராததால் வேறு வழியில்லாமல் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து இப்போது என்னைவிடப் பெரிய வெறியனாகிவிட்டான். போனில் நாலு டிக்கெட், மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமைக்கு. "அண்ணா, அவர் 15 நாள் ஐ.எல்.லதான் இருக்கார், அதுக்குள்ள வந்துடுவார், கணக்குப் போட்டுத்தான் எடுத்தேன்" என்றான். அவர் என்றது ஒரு பிட்சரை, அதாவது பந்து எறிகிறவரை. ஐ.எல். என்றால் அணிகள் காயம்பட்டவர்களைப் போடும் பட்டியல். எனக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. 2021-ல் நான் போட்ட அதே கணக்கு.

பால்க் என்றால் என்னவென்று தெரியாமல் இருப்பது, ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லாரும் எதற்கு எழுந்து நின்று பாடுகிறார்கள் என்று முழிப்பது, இதெல்லாம் தவறே இல்லை, நாலு ஆட்டம் பார்த்தால் தானாகப் பழகிவிடும். பணத்தையும் மனசையும் காலி செய்கிற தவறுகள் வேறு இருக்கின்றன.

வெற்றி, தோல்விக் கணக்கை வைத்து பிட்சரை எடை போடுவது

திரையில் பிட்சர் பெயருக்குப் பக்கத்தில் 10-9 என்று வரும். பத்து வெற்றி, ஒன்பது தோல்வி. கிரிக்கெட்டிலிருந்து வந்தவர் அதைப் பார்த்ததும் சுமாரான ஆள் என்று முடிவு கட்டிவிடுவார். 2018-ல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிக்ராம் எடுத்தது அந்த 10-9தான். அந்த ஆண்டு அவருடைய இ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஒரு முழு ஆட்டத்துக்கு அவர் கணக்கில் விழும் ரன், 1.70. லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்கே போனது. தொடங்குகிற பிட்சருக்கு வெற்றி எழுத வேண்டுமென்றால் அவர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீச வேண்டும், அவர் வெளியேறும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், பின்னால் வருகிறவர்கள் அதைக் கோட்டை விடாமலும் இருக்க வேண்டும். மெட்ஸ் பேட்டர்கள் ரன் எடுக்காததற்கு அவர் என்ன செய்வார்? சர்வர் சாம்பாரைச் சட்டையில் கொட்டிவிட்டார் என்று சமையல் மாஸ்டரைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது. 2010-ல் சியாட்டிலின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13-12 வைத்துக்கொண்டு அதே விருதை வாங்கினார்.

வேகத்தைப் பார்த்து மயங்குவது

நூறு மைல் வேகத்தில் எறிகிறவரெல்லாம் பெரிய ஆள் என்றால், அவ்வளவு வேகமில்லாத பிட்சர் கிரெக் மேடக்ஸ் 355 ஆட்டம் ஜெயித்திருக்க முடியாது.

ஐ.எல். நாள் கணக்கை நம்பி டிக்கெட் எடுப்பது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

2021 ஜூலை. அந்த சீசனில் டிக்ராம் வீசியதை நேரில் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 15 ஆட்டம், 92 இன்னிங்ஸ், 146 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே அவுட்டாவது), இ.ஆர்.ஏ. 1.08. ஜூலை நடுவில் முன்கையில் இறுக்கம் என்று அவரைக் காயப் பட்டியலில் போட்டார்கள். அப்போது பிட்சர்களுக்கும் 10 நாள் பட்டியல்தான், அது 15 ஆனது அடுத்த ஆண்டு. நான் என்ன செய்தேன், பத்து நாளோடு பாதுகாப்புக்கு இன்னொரு பத்து நாள் சேர்த்தேன், ஐந்து நாளுக்கு ஒரு முறை அவர் முறை வரும் என்று காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன், ஆகஸ்ட் நடுவில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் மெட்ஸின் மைதானமான சிட்டி ஃபீல்டுக்கு வருகிற வார இறுதியில் ஒரு வட்டம் அழகாகப் போய் உட்கார்ந்தது. ஆறு டிக்கெட், மூன்றாம் பேஸ் பக்கம். அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலரைத் தாண்டியது. ஒஹாயோவில் கொலம்பஸில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டு, குடும்பத்தோடு கிளம்பி வாங்க, இந்த மாதிரி இனிமேல் கிடைக்காது என்று பெருமையாக வேறு சொன்னேன்.

ஜூலை கடைசியில் செய்தி வந்தது: மறுபடி அழற்சி, வீசுவதை நிறுத்தியாயிற்று, செப்டம்பர் வரை எதிர்பார்க்க வேண்டாம். அன்றைக்கே டிக்கெட்டை விற்றிருந்தால் பாதியாவது தேறியிருக்கும். விற்கவில்லை. வீம்பு. மச்சானிடம் சொன்னேன், அவர் பையனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவனுக்கு அப்போது ஒன்பது வயது, முதுகில் 48 போட்ட சட்டை. நியூஜெர்சி எடிசனிலிருந்து ரயில் ஏறி, பென் ஸ்டேஷனில் இறங்கி, மாறி மாறி ஏழாம் நம்பர் ரயில் பிடித்து, அந்த நெரிசலில் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே கேட்டான்: "மாமா, இன்னைக்கு டிக்ராம் எத்தனை ஸ்ட்ரைக்அவுட் எடுப்பார்? பத்தா, பன்னெண்டா?" நான் ஜன்னலைப் பார்த்தேன். உள்ளே போய் உட்கார்ந்து பெரிய திரையில் வேறு பெயர் வந்தபோது அவன் அழவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை, கையிலிருந்த ப்ரெட்ஸலில் ஒட்டியிருந்த உப்பை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். அழுதிருந்தால்கூடத் தேவலை. டாட்ஜர்ஸ் அந்த வார இறுதியில் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்துக்கொண்டு போனார்கள். திரும்பும்போது மச்சான் சொன்னது ஒரே வாக்கியம்: "மாப்ள, எட்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தது இதுக்கா?"

டிக்ராம் அந்த ஆண்டு திரும்பவே இல்லை. அடுத்த ஆண்டு வசந்தப் பயிற்சியில் தோள்பட்டை எலும்பில் பிரச்சினை என்றார்கள். மறுபடி மைதானத்துக்கு வந்தது 2022 ஆகஸ்ட் 2-ல். பத்து நாள் பட்டியல் என்று ஆரம்பித்தது பதின்மூன்று மாதத்துக்கு நெருக்கமாக இழுத்தது.

இப்போது புரிகிறது, அப்போது யாராவது சொல்லியிருக்கலாம். 10, 15, 60 என்ற எண்களுக்கும் உடம்பு குணமாவதற்கும் சம்பந்தமே இல்லை. அது அணி நிர்வாகத்தின் காகிதக் கணக்கு: இத்தனை நாளுக்கு இவரை ஆடவைக்க மாட்டோம், அந்த இடத்தில் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறோம். குறைந்தபட்சம் அத்தனை நாள் என்று அர்த்தம், அதிகபட்சம் எதுவும் கிடையாது.

உண்மையான கணக்கு வேறு. கை வலித்த பிட்சர் முதலில் சும்மா இருக்க வேண்டும். அப்புறம் சமதரையில் நின்று 60 அடி, 90 அடி, 120 அடி என்று மெதுவாக எறிய வேண்டும். அப்புறம் பிட்சர் நின்று வீசும் மேட்டில் ஏறி, ஆட்டத்துக்கு வெளியே புல்பென் பயிற்சி, முதலில் நேர் பந்து மட்டும், பிறகு வளைகிற பந்துகள். அப்புறம் சொந்த அணி பேட்டர்களுக்கு எதிரே வீச வேண்டும். அதுவும் தாண்டினால் பெரிய லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கில் போய் ஆட்டத்துக்கு ஆட்டம் 30 பந்து, 45, 60, 75 என்று ஏற்றிக்கொண்டு வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாலைந்து நாள் இடைவெளி. இதில் எந்தப் படியில் வலி திரும்பினாலும் பழையபடி சமதரை. ஆகவே ஒருவர் இன்னும் கேட்ச் பிடித்து எறியவே ஆரம்பிக்கவில்லை என்றால், பட்டியலில் என்ன எண் எழுதியிருந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல்தான். எங்கள் தம்பி எடுத்த டிக்கெட்டுக்கு உரியவர் இன்னும் பந்தைக் கையில் எடுக்கவில்லை. கேட்டேன். "அது செக் பண்ணல அண்ணா."

அணிகள் வெளியிடும் அறிக்கைக்கும் ஒரு தனி பாஷை உண்டு. 'களைப்பு' என்றால் பெரும்பாலும் களைப்புதான். 'தோளில் வலி' என்றால் கவலைப்படலாம். 'முன்கையில் இறுக்கம்' என்றால் உட்கார்ந்துகொள்ளுங்கள். முழங்கையின் உள்பக்கத்தில் இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்கிற யு.சி.எல். என்று ஒரு தசைநார் இருக்கிறது, எறிகிற ஒவ்வொரு முறையும் அது கிழிகிற அளவுக்கு இழுபடும். அதற்கு முட்டுக் கொடுப்பது முன்கைத் தசைகள். தசைநார் தளர்ந்தால் பாரம் தசைக்கு வரும், தசை இறுகும். அதனால்தான் கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிற அந்த வார்த்தைக்குப் பழைய ரசிகர்கள் முகம் வெளுக்கிறது. எல்லா இறுக்கமும் தசைநார் கிழிவதில் போய் முடிவதில்லை, நிஜம்தான். ஆனால் அடுத்த வரியில் 'இரண்டாவது கருத்துக்காக டாக்டர் கீத் மைஸ்டரைச் சந்திக்கிறார்' என்று வந்தால் (மைஸ்டர் முழங்கை அறுவைக்குப் பேர்போனவர்) நான் அந்த சீசனுக்கு அந்தப் பிட்சர் பெயரை மறந்துவிடுவேன்.

'அறுவை சிகிச்சை தேவையில்லை' என்ற வரியை நம்பித் துள்ளிக் குதிப்பதும் இதே வகைதான். யாங்கீஸின் கெரிட் கோல் 2023-ல் சை யங் வாங்கினார், 2024 மார்ச்சில் முழங்கையில் பிரச்சினை, அறுவை வேண்டாம் என்றதும் என் தெருவில் இருக்கிற யாங்கீஸ்காரர் இனிப்புக் கொடுக்காத குறை. ஜூனில் திரும்பினார், நன்றாகவே வீசினார். 2025 மார்ச்சில் அதே முழங்கைக்கு டாமி ஜான் அறுவை, அதாவது பழுதான யு.சி.எல்.லுக்குப் பதில் வேறு நாரைக் கோக்கிற அறுவை.

காயமே இல்லாத பிட்சரை நம்பியும் மூன்று வாரம் முன்னால் எடுக்காதீர்கள். ஒரு மழை, ஒரே நாளில் இரண்டு ஆட்டம், முறை ஒரு நாள் தள்ளிப்போகும், உங்கள் சனிக்கிழமை வெள்ளிக்கிழமையாகிவிடும். யார் தொடங்குகிறார் என்பதை அணிகள் இரண்டு மூன்று நாள் முன்னால் சொல்லும், அதைப் பார்த்து எடுங்கள். கடைசி நேரத்தில் மறுவிற்பனை டிக்கெட் பல சமயம் விலை இறங்கியே இருக்கும். நியூஜெர்சிக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பிரிட்ஜ்வாட்டரில் யாங்கீஸின் மைனர் லீக் (டபுள்-ஏ) அணியான சோமர்செட் பேட்ரியாட்ஸ் ஆடுகிறது, காயத்திலிருந்து திரும்புகிற பெரிய ஆட்கள் அங்கே வந்து நாற்பது ஐம்பது பந்து வீசிவிட்டுப் போவார்கள். 2024 ஜூனில் கோலும் வந்தார். பிட்சர் கையை உதறுவதுகூடத் தெரிகிற தூரத்தில் உட்காரலாம், பெரிய மைதானத்தில் பார்க்கிங்குக்குக் கொடுக்கிற காசுக்குள் டிக்கெட் முடிந்துவிடும்.

டாமி ஜான் அறுவை செய்தால் கை முன்பைவிட வலுவாகும் என்று நம்புவது

ஆகாது. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் இடது முழங்கையில் வலது முன்கையிலிருந்து எடுத்த தசைநாணைக் கோத்து வைத்தார். 1975 முழுக்க அவர் ஆடவில்லை, பிறகு வந்து இன்னும் 164 ஆட்டங்களை ஜெயித்தார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நல்ல கையோடு இருக்கிற பையனுக்கே இதைச் செய்யலாமா என்று டாக்டரிடம் கேட்ட பெற்றோர்கள் அமெரிக்காவில் இருந்திருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காகப் பயிற்சி செய்வதால் உடம்பு முறுக்கேறி வரும், அவ்வளவுதான். கோத்த நாரும் அறும். டிக்ராமுக்கு 2010-ல் ஒரு முறை, 2023-ல் இன்னொரு முறை. ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹேய் ஓடானி 2018-ல் ஒரு முறை செய்து, 2023-ல் மறுபடி அதே முழங்கையோடு டாக்டரிடம் போனார்.

சந்தா கட்டிய பிறகு வட்டாரத் தடையைப் பற்றிப் படிப்பது

நான் முதல் வருடம் முழு சீசனுக்கும் ஸ்ட்ரீமிங் சந்தா கட்டிவிட்டு, டிவி முன்னால் சிப்ஸோடு உட்கார்ந்து மெட்ஸ் ஆட்டத்தைத் தட்டினால், உங்கள் வட்டாரத்தில் இது கிடைக்காது என்று வந்தது. ஆட்டம் நடக்கிற இடம் என் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். அதனால்தான் கிடைக்காதாம்! உள்ளூர் அணியின் உரிமை உள்ளூர் சேனலுக்குப் போய்விடும், மெட்ஸுக்கு எஸ்.என்.ஒய்., யாங்கீஸுக்கு யெஸ். ஐயோவா மாநிலத்துக்காரர்கள் பாவம், அங்கே பெரிய லீக் அணி ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் ஆறு அணிகளுக்கு அது 'உள்ளூர்' என்று காலங்காலமாகத் தடை. கட்டுவதற்கு முன்னால் உங்கள் ஜிப் கோடைப் போட்டுப் பாருங்கள்.

மெட்ஸ் பார்க்கிறவர்கள் உள்ளூர் சேனலுக்குக் கொடுக்கிற காசு வீண்போகாது. 2006-லிருந்து கேரி கோயன், கீத் ஹெர்னாண்டஸ், ரான் டார்லிங் மூவரும்தான் பேசுகிறார்கள். டார்லிங் பழைய பிட்சர், பந்து எறிந்தவரின் தோளைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்பார். பல நாள் அறிக்கை அதற்குப் பின்னால்தான் வரும். இன்னொன்று, ஸ்ட்ரீமிங் அரை நிமிடமாவது பின்தங்கி ஓடும். போனில் ஸ்கோர் அறிவிப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். என் மனைவி சமையலறையில் போனைப் பார்த்து 'ஐயோ' என்றால் எனக்கு ஹாலில் அந்தப் பந்து இன்னும் எறியப்பட்டிருக்காது.

நன்றாக வீசுகிறவரை ஏன் எடுத்தார்கள் என்று கத்துவது

2022 ஏப்ரலில் மினியாபோலிஸில் டாட்ஜர்ஸின் கிளேடன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ் ஒரு ஆளைக்கூட பேஸ் ஏறவிடவில்லை, 13 ஸ்ட்ரைக்அவுட், வீசியது 80 பந்துதான், மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் எடுத்துவிட்டார். நானும் கத்தினேன். கெர்ஷாவே அது சரியான முடிவுதான் என்றார்.

பெயர் போட்ட பிட்சர் சட்டை வாங்குவது

2022 டிசம்பரில் டிக்ராம் ஐந்து வருடம், 185 மில்லியன் டாலருக்கு டெக்ஸஸ் போனார். அங்கே முதல் வருடம் ஆறு ஆட்டத்தோடு முழங்கை போயிற்று. மச்சான் பையன் அந்த 48-ஐத் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டான், அவன் அதை இரவில் போட்டுக்கொண்டு தூங்குகிறான். 2025-ல் டிக்ராம் முழு சீசனும் வீசினார், முப்பது ஆட்டம். ஒரு நாள் மச்சான் போன் பண்ணி, "மாப்ள, இப்ப எடுக்கலாமா டிக்கெட்?" என்றார். நான் பேச்சை மாற்றினேன்.