மதுரைக் குளிர வீணாக்காம லீவ கொண்டாடுறது எப்படி

மதுரைல என்னப்பா பெரிய குளிர்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க, கேட்டுட்டு போகட்டும். மார்கழில நமக்கு ராத்திரி 20 டிகிரி பக்கத்துல இறங்கும், அதுவும் விடியக்காலை 4 மணில இருந்து ஏழரை வரைக்கும் தான் நல்லா தெரியும், எட்டு மணிக்கு வெயில் ஏறிட்டா ஃபேன போட்டுருவோம். அதனால அரைப்பரீட்சை லீவுக்கு அக்கா பிள்ளைக, சித்தப்பா பிள்ளைகன்னு எல்லாம் வந்து குமியுற வீடா இருந்தா, கொண்டாட்டத்த எல்லாம் வெள்ளனத்துக்கு மாத்திருங்க. பத்து மணிக்கு எந்திரிச்சுட்டு குளிரே இல்லன்னு சொன்னா எப்படி இருக்கும்?

பிள்ளைகள எந்திரி எந்திரின்னு கத்தி எழுப்புனா வேலைக்காகாது. முந்துன நாள் ராத்திரியே ஆளுக்கு ஒரு வேலை பிரிச்சு விட்டுருங்க, ஒருத்தன் வாசல் கூட்டி தண்ணி தெளிக்கணும், ஒருத்தி புள்ளி வைக்கணும், இன்னொருத்தர் கலர் பொடி, பயலுகளுக்கும் சேர்த்து தான் சொல்றேன். பெரிய கோலம்னா ராத்திரியே நோட்டுல போட்டு பாத்துருங்க, இருட்டுல நின்னு புள்ளி எண்ணிக்கிட்டு இருந்தா அப்பத்தாகிட்ட வாங்கிக் கட்டிக்குவீங்க. நடுவுல சாணி உருண்டைல பூசணிப்பூ வைக்கணும்னா பால்காரர்கிட்ட முதல் நாளே சொல்லி வைங்க, சாணி தானா வந்துரும்.

கோலம் முடிஞ்ச உடனே சூடா ஏதாவது உள்ள போகணும், அதுக்கு காபிய விட பருத்திப்பால் தான். தள்ளுவண்டில வாங்கியும் குடிக்கலாம் தான், ஆனா லீவுல ஒரு நாளாவது வீட்டுல காய்ச்சணும், ஏன்னா இது ஒரு ஆள் வேலை இல்ல. 200 கிராம் பருத்திக்கொட்டை, நாட்டு மருந்துக் கடைல சமையலுக்குன்னு கேட்டு வாங்குங்க, விதைக்கடைல விதைப்புக்கு விக்கிறத மட்டும் தொட்டுறாதீங்க, அதுல பூச்சிமருந்து பூசியிருப்பாங்க. பஞ்சும் தூசியும் போக நாலஞ்சு தண்ணி அலசி ராத்திரி ஊற வைங்க. ஒரு கைப்பிடி பச்சரிசியும் தனியா ஊறட்டும். காலைல கொட்டைய ஆட்டி, துணில வடிகட்டி, சக்கைல மறுபடி தண்ணி விட்டு ரெண்டாம் பால் மூணாம் பால் வரைக்கும் எடுங்க (பிழியுற வேலைய மாமாக்கள்கிட்ட விடுங்க, சும்மா தான உக்காந்து போன் பாக்குறாங்க). பால அடுப்புல வச்சு பச்சை வாசனை போற வரைக்கும் நல்லா கொதிக்க விடணும், இதுல அவசரம் கூடாது. அப்புறம் அரிசிய அரைச்சு கரைச்சு ஊத்தி கை விடாம கிண்டணும், விட்டீங்கன்னா கட்டி தட்டிரும். கெட்டியாகி வரும்போது கருப்பட்டியக் கரைச்சு வடிகட்டி ஊத்தி, சுக்குப்பொடி, ஏலக்காய், கடைசில தேங்காய்ப்பூ. சுக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும், அப்பதான் தொண்டைல இறங்குறது தெரியும்.

குளிர் காயணும்னா தென்னமட்டை, சிரட்டை போதும், டயரு பிளாஸ்டிக்லாம் போகி அன்னைக்கும் வேணாம்.

மார்கழி தேய்பிறை அஷ்டமி எந்த நாள் வருதுன்னு காலண்டர்ல பாத்து வச்சுக்கோங்க. அன்னைக்கு மீனாட்சியம்மன் கோயில் அஷ்டமி சப்பரம், சாமி எல்லா உயிருக்கும் படியளக்குற நாள். சாமி சப்பரம் ஒண்ணு, அம்மன் சப்பரம் ஒண்ணு, அம்மன் சப்பரத்த பொம்பளைங்க தான் இழுப்பாங்க. போற வழியெல்லாம் அரிசி தூவிக்கிட்டே போவாங்க, அத ரெண்டு மணி பொறுக்கி வந்து வீட்டு அரிசிப் பானைல போட்டா சாப்பாட்டுக்கு பஞ்சம் வராதுன்னு நம்பிக்கை. பிள்ளைக கைல சின்ன டப்பா ஒண்ணு குடுத்து விடுங்க, ரோட்டுல பொறுக்குறதுல அதுகளுக்கு இருக்குற சந்தோசம் வேற எதுலயும் வராது. கூட்டம் இருக்கும், கைய விட்டுறாதீங்க.

தலைல வைக்க மல்லிப்பூ கேட்டா மட்டும் கொஞ்சம் யோசிங்க, பனில மொட்டு வரத்து கொறஞ்சு இந்த மாசம் கிலோ ஆயிரக்கணக்குல போகும். செவ்வந்தி போதும். அந்தக் காசுக்கு பனங்கிழங்கு கட்டு கட்டா வாங்கி, மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு, ராத்திரி மொட்டை மாடில எல்லாரும் உக்காந்து நார உரிச்சு உரிச்சு தின்னுக்கிட்டே கதை பேசலாம், அம்மாச்சி இருந்தா பேய்க்கதையும் கெடைக்கும்.

நெசமான குளிரு வேணும்னு அடம் பிடிக்குதுகன்னா கொடைக்கானல் தான். நம்ம ஊரு கடல் மட்டத்துல இருந்து சுமார் 100 மீட்டர், அங்க 2100 மீட்டர், ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி மேனி கொறையும்னு கணக்கு போட்டுக்கோங்க. கிறிஸ்துமஸ் நியூ இயர் வாரத்துல போனா மலைப்பாதைல வண்டிக்குள்ளேயே லீவு முடிஞ்சுரும், பொங்கல் கழிச்சு ஒரு சனி ஞாயிறு போங்க, அப்பவும் ஏரிப் பக்கம் புல்லு மேல உறைபனி பாக்கலாம், ஆனா சூரியன் வர்றதுக்குள்ள போய் நிக்கணும். சொந்த வண்டின்னா இ-பாஸ் ஆன்லைன்ல எடுத்துக்கோங்க, 2024 மே மாசத்துல இருந்து கேக்குறாங்க. பிள்ளைகளுக்கு வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறி முடிக்கிற வரைக்கும் வயிறு முட்ட எதுவும் குடுக்காதீங்க, மேல போய் பாத்துக்கலாம்.