கோட்டுப் பையில் செருகும் கைக்குட்டையைத் தேர்ந்தெடுக்க

நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிகளில் தேவாலயத் திருமணத்திற்குக் கோட்டு சூட்டு தைக்கும் மணமகன்கள் பலர், டையுடன் ஒரே பெட்டியில் வரும் அதே துணிக் கைக்குட்டையை வாங்கி மார்புப் பையில் செருகிவிடுகின்றனர். அதைத் தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். டையின் பிரதான நிறத்தை அப்படியே திரும்பக் காட்டாமல், அதன் கோடுகளிலோ புள்ளிகளிலோ சிறிதளவாக வரும் இரண்டாவது நிறத்தைக் கைக்குட்டையில் கொண்டுவந்தால், இரண்டும் உறவுடையவையாகத் தெரியும், ஒன்றையொன்று மறைக்காது. கருநீலக் கோட்டு, வெள்ளைப் புள்ளிகள் கொண்ட அரக்கு நிற டை என்றால், அரக்கு நிற ஓரம் வைத்த வெள்ளைக் கைக்குட்டை மிக அழகாக இருக்கும்.

துணியைப் பற்றிச் சற்று அதிகமாகவே யோசிக்க வேண்டும். பட்டு பளபளப்பானது என்றாலும் வழுக்கும் தன்மையுடையதால், மணிக்கணக்கில் நின்று விருந்தினரை வரவேற்கும்போது பைக்குள் மெல்ல இறங்கிவிடும். இரண்டு பருவமழையும் பெய்கின்ற, கடற்காற்றின் ஈரம் நிறைந்த நம் மாவட்டத்தில், லினனோ கெட்டியான பருத்தியோ மடிப்புக் குலையாமல் நிற்கும் என்பதால் அவற்றையே நான் விரும்புவேன். பட்டுதான் வேண்டுமென்றால், மடிக்காமல் நடுவில் பிடித்துத் தூக்கிக் குவித்துச் செருகுங்கள்.

அளவு, ஒரு பக்கம் 30 முதல் 40 செ.மீ. வரை போதும். முகம் துடைக்க வேறொரு கைக்குட்டையைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.